முதல் பலகை: ஆரோன் முதல் குகேஷ் வரை

ஓர் அணியின் மிகப் பொறுப்பான இடத்தில் வெவ்வேறு காலங்களில் நின்றவர்களை அருகருகே வைத்து, அவர்களில் சிறந்தவர் யார் என்று முடிவு கட்ட முனைவது எல்லா நாட்டு ரசிகர்களுக்கும் உள்ள பழக்கமே. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பந்தைக் கையில் வாங்கி அடுத்த நகர்வைத் தீர்மானிக்கும் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றியும், கிரிக்கெட்டில் அணித்தலைவர்களைப் பற்றியும் ஓயாமல் நடக்கும் அந்த விவாதத்திற்குச் சதுரங்கத்திலும் ஓர் இடம் உண்டு. அணிப் போட்டியில் எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரரைச் சந்திக்க அமர்த்தப்படுபவரின் இடமான முதல் பலகையே அது.

இந்திய அணியின் முதல் பலகைகளை ஒப்பிடுவதற்குப் போதுமான ஆதாரங்கள் கூடிவந்த நிகழ்வாக, 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்ற 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டைக் கருதலாம். ரஷ்யாவில் நடக்கவிருந்த அப்போட்டி, உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து அங்கிருந்து விலக்கப்பட்டு, 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வழங்கப்பட்டது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவாகி மூன்று ஆண்டுகள்கூட நிறைவு பெறாத ஒரு மாவட்டம், 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளை ஏறத்தாழ நான்கு மாத ஆயத்தத்தில் வரவேற்றது. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியா பொதுப் பிரிவில் மூன்று அணிகளைக் களமிறக்கியதால், ஒரே அரங்கில் ஒரே நேரத்தில் மூன்று இந்திய முதல் பலகைகள் காணக் கிடைத்தன. முதல் அணிக்கு ஹரிகிருஷ்ணாவும், இரண்டாம் அணிக்கு 16 வயது குகேஷும், மூன்றாம் அணிக்குச் சூர்ய சேகர் கங்குலியும் அந்த இடத்தில் அமர்ந்தனர். அதுவரை அந்த இடத்தோடு நீண்டகாலம் பிணைந்திருந்த விஸ்வநாதன் ஆனந்த் ஆடாமல் வழிகாட்டியாக மட்டும் இருந்தார்.

பலகை வரிசையின் இலக்கணம்

ஒலிம்பியாட்டில் ஓர் அணிக்கு ஐந்து ஆட்டக்காரர்கள். ஒரு சுற்றில் அவர்களில் நால்வர் எதிரணியின் நால்வரோடு தனித்தனி மேசைகளில் ஆட, ஐந்தாமவர் மாற்று ஆட்டக்காரராக வெளியே இருப்பார். யார் எந்தப் பலகையில் ஆடுவார் என்ற வரிசை போட்டி தொடங்குமுன் எழுதிக் கொடுக்கப்பட்டு, இறுதிச் சுற்று வரை மாற்ற இயலாததாக இருக்கும். முதல் பலகைக்காரர் ஒரு சுற்றில் ஓய்வெடுத்தால் இரண்டாமவர் ஒரு படி மேலேறி அந்த இடத்தில் அமர்வாரே தவிர, கடைசி ஆட்டக்காரரைத் தந்திரமாக முதல் பலகையில் பலிகொடுத்து மற்ற மூன்று பலகைகளில் வெல்லும் வழிக்கு விதிகளில் இடமில்லை.

வெள்ளைக் காய்கள் அணிக்குள் மாறி மாறி அமைகின்றன. ஓர் அணி முதல், மூன்றாம் பலகைகளில் வெள்ளையோடு ஆடினால் எதிரணிக்கு இரண்டாம், நான்காம் பலகைகளில் வெள்ளை கிடைக்கும். முதலில் காய் நகர்த்தும் உரிமை பெறும் வெள்ளைக்குச் சிறிதளவு சாதகம் உண்டு என்பதால், முதல் பலகையில் கருப்புக் காய்களோடு ஒரு வல்லவரைச் சந்தித்து டிரா செய்பவர் அரைப் புள்ளி மட்டுமே பெற்றுத் தந்தாலும், வெள்ளையோடு ஆடும் தம் கூட்டாளிகள் அச்சமின்றி வெற்றிக்கு முயலும் வாய்ப்பையும் சேர்த்தே தருகிறார்.

இதனால் முதல் பலகைக்காரரின் பணி இரு வகைப்படும். எதிரணியின் மிகப் பெரிய வலிமையை முடக்கி, வெல்லும் வேலையைக் கீழ்ப் பலகைகளுக்கு விட்டுவிடுவது ஒன்று; தாமே அந்த வலிமையை உடைத்து வெற்றியைத் தேடித் தருவது மற்றொன்று. முதலாவதைத் தாங்கும் பணி என்றும் இரண்டாவதைத் தாக்கும் பணி என்றும் கொண்டால், இந்திய முதல் பலகைகளின் வரலாறு தாங்கும் பணியிலிருந்து தாக்கும் பணிக்கு அணி படிப்படியாக நகர்ந்த வரலாறாகத் தெளிவுபடும்.

எதைக் கொண்டு அளப்பது?

ஒப்பீட்டுக்கு முதலில் தேவைப்படுவது பொதுவான அளவுகோல். சதுரங்கத்தில் அது எலோ தரப்புள்ளி என்று பலரும் சொல்லக்கூடும். அர்பாத் எலோ வகுத்த அந்த முறை, இருவர் மோதும்போது யார் எவ்வளவு புள்ளி பெறக்கூடும் என்பதை அவர்களின் முந்தைய பலன்களைக் கொண்டு கணிக்கிறது. ஆனால் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அம்முறையை ஏற்றுக்கொண்டது 1970-இல்தான் என்பதால், அதற்கு முன் ஆடியவர்களுக்கு அதிகாரபூர்வத் தரப்புள்ளியே இல்லை. மேலும் அப்புள்ளி ஒருவரின் பொது வலிமையைச் சொல்லுமே தவிர, அணிக்காக ஆடும்போது அவர் செய்த பணியைச் சொல்லாது.

இரண்டாவது அளவுகோல், ஒரு குறிப்பிட்ட போட்டியில் ஒருவர் சந்தித்த எதிரிகளின் சராசரி வலிமையையும் அவர்களிடமிருந்து அவர் பெற்ற புள்ளி விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் செயல்திறன் தரப்புள்ளி. ஒலிம்பியாட்டில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியே வழங்கப்படும் தனிநபர் பதக்கங்கள் இப்போது இதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன.

மூன்றாவது, பலரும் கருதிப் பார்க்காத ஒன்று: அணிக்குப் புள்ளி வழங்கும் முறை. 2006 வரை ஒலிம்பியாட்டில் நான்கு பலகைகளிலும் கிடைத்த ஆட்டப் புள்ளிகளின் மொத்தமே அணியின் நிலையை முடிவு செய்தது. 4-0 என்ற வெற்றிக்கும் 2.5-1.5 என்ற வெற்றிக்கும் இடையே ஒன்றரைப் புள்ளி வேறுபாடு இருந்ததால், எளிய அணிகளை முழுமையாக நொறுக்குவது பெரும் பயன் தந்தது. 2008 முதல் ஒரு சுற்றை வென்ற அணிக்கு 2 புள்ளி, சமன் செய்தால் 1 புள்ளி என்ற முறை வந்தபின், வலிமை சமமான இரு அணிகள் மோதும் சுற்றில் மூன்று பலகைகள் டிராவாகி ஒரே ஒரு பலகையில் வெற்றி கிடைத்தாலும் முழு 2 புள்ளிகளும் சேர்ந்துவிடுகின்றன. முன்பு அணியின் கணக்கில் நான்கில் ஒரு பங்காக மட்டும் இருந்த முதல் பலகையின் ஒரு வெற்றி, புதிய முறையில் ஒரு சுற்றின் முடிவையே தனித்துத் தீர்மானிக்க முடியும். ஆனந்தின் பெரும்பாலான ஒலிம்பியாட்கள் பழைய முறையிலும், குகேஷின் ஒலிம்பியாட்கள் புதிய முறையிலும் நடந்தவை என்பதை மறந்து இருவரையும் எடைபோடுவது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

ஆரோன்: அடையாளம் தேடிய காலம்

இந்தியா ஒலிம்பியாட்டில் முதன்முதலாகப் பங்கேற்றது 1956-இல் மாஸ்கோவில். அடுத்த பத்தாண்டுகளில் அணியின் தலைமை ஆட்டக்காரராக உயர்ந்தவர், பர்மாவில் 1935-இல் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரோன். 1959-க்கும் 1981-க்கும் இடையே ஒன்பது முறை தேசியச் சாம்பியனான அவர், 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். லைப்சிக் (1960), வர்னா (1962), டெல் அவிவ் (1964) ஆகிய மூன்று ஒலிம்பியாட்களில் நாட்டுக்காக ஆடினார்.

அக்கால ஒலிம்பியாட்டில் அணிகள் முதலில் தொடக்கக் குழுக்களில் ஆடி, அங்கு பெற்ற இடத்திற்கேற்ப வெவ்வேறு தரத்து இறுதிக் குழுக்களுக்குப் பிரிக்கப்பட்டன; எல்லா அணிகளும் ஒரே பட்டியலில் கலந்து, ஒத்த புள்ளிகள் பெற்றவர்களோடு மோதும் சுவிஸ் முறை 1976-இல்தான் வந்தது. எனவே ஆரோனின் ஒலிம்பியாட் பலன்களை இன்றைய பலன்களோடு எண்ணுக்கு எண் ஒப்பிட இயலாது. அவரது வலிமையைக் காட்டும் சான்று வேறிடத்தில் உள்ளது. உலகப் பட்டத்துக்கான தேர்வுப் படிகளில் ஒன்றான 1962 ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் போட்டியில் அவர் கடைசி இடத்தையே பெற்றாலும், அங்கே லாயோஸ் போர்டிஷ், வொல்ஃப்காங் உல்மன் என்ற இரு முன்னணிக் கிராண்ட் மாஸ்டர்களை வென்றார். வெளிநாட்டுப் போட்டி அனுபவமும், பயிற்சியாளர்களும், புதிய ஆட்டங்களின் பதிவுகளும் எளிதில் கிடைக்காத ஒரு நாட்டிலிருந்து சென்றவர், உலகத் தரத்தினரைத் தனி ஆட்டங்களில் வீழ்த்த முடியும் என்பதையும், அந்தத் தரத்தை ஒரு போட்டி முழுவதும் நீட்டிக்க அந்நாட்டின் அமைப்பு போதவில்லை என்பதையும் அப்போட்டி ஒருசேரக் காட்டியது.

ஆரோன் செய்த மற்றொரு பணி பலகைக்கு வெளியே அமைந்தது. 1972-இல் சென்னைச் சோவியத் கலாசார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் உருவாக அவர் காரணமாக இருந்தார். பிற்காலத்தில் அவரது இடத்தை எடுத்துக்கொண்ட சிறுவன் ஆட்டத்தைக் கூர்தீட்டிக்கொண்டது அந்தக் கழகத்தில்தான்.

ஆனந்த்: தனித்து நின்ற வலிமை

1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், தம் 14-ஆவது வயதில் 1984 தெசலோனிகி ஒலிம்பியாட்டில் அணிக்கு வந்து, 1987-இல் உலக இளையோர் பட்டத்தை வென்று, 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். நாட்டின் இரண்டாவது கிராண்ட் மாஸ்டரான திப்யேந்து பருவாவுக்கு அப்பட்டம் 1991-இல்தான் கிடைத்தது என்ற ஒரு தகவலே, 1988, 1990 ஒலிம்பியாட்களில் இந்திய முதல் பலகையின் நிலையை விளக்கப் போதுமானது. ஆனந்த் எதிரணியின் கிராண்ட் மாஸ்டரை வெல்லக்கூடும். ஆனால் அதே அணியின் இரண்டாம், மூன்றாம், நான்காம் பலகைகளில் இருந்த கிராண்ட் மாஸ்டர்களைச் சந்திக்க இந்தியாவிடம் அந்தப் பட்டம் பெற்ற வேறொருவர் இல்லை.

1992 மணிலா ஒலிம்பியாட்டுக்குப் பின் ஆனந்த் பன்னிரண்டு ஆண்டுகள் ஒலிம்பியாட்டில் ஆடவில்லை. 2000-இல் தெஹ்ரானில் ஃபிடே உலகப் பட்டத்தை வென்றதும் அந்த இடைவெளியில்தான். 2004-இல் ஸ்பெயினின் கால்வியாவில் அவர் திரும்பியபோது சசிகிரண், ஹரிகிருஷ்ணா என்ற இரு வலிய கிராண்ட் மாஸ்டர்கள் உடனிருக்க, இந்தியா 6-ஆம் இடம் பெற்றது. 2006-இல் இத்தாலியின் துரினில், அவ்வாண்டில் 2800 தரப்புள்ளியைக் கடந்திருந்த ஆனந்தின் தலைமையில், தொடக்கத் தரவரிசையில் இரண்டாம் இடத்தோடு களமிறங்கிய அணி முதல் இருபது இடங்களுக்குள்கூட வர இயலவில்லை. முதல் பலகையில் உலகின் தலைசிறந்தோரில் ஒருவர் அமர்ந்திருப்பதே அணியைக் கரைசேர்த்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

இது ஆனந்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. அப்போதைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் மாமல்லபுரத்தில் நார்வேயின் முதல் பலகையில் ஒன்பது ஆட்டங்களில் 7.5 புள்ளிகள் எடுத்து, அப்பலகையின் தனிநபர் வெண்கலம் பெற்றார். ஆயினும் தொடக்கத் தரவரிசையில் மூன்றாவதாக இருந்த நார்வே 59-ஆம் இடத்தில் முடித்தது. முதல் பலகையின் மேன்மைக்கும் அணியின் மேன்மைக்கும் இடையே பாலமாக அமைவது கீழ்ப் பலகைகளின் வலிமையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

2007-இல் மெக்சிகோ நகரிலும், தொடர்ந்து 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் கிராம்னிக், தொபலோவ், கெல்ஃபாண்ட் ஆகியோருக்கு எதிராகவும் உலகப் பட்டத்தை வென்று காத்த ஆனந்த், அந்தப் பத்தாண்டில் ஒலிம்பியாட்டிலிருந்து விலகியே இருந்து, 2018-இல் ஜார்ஜியாவின் படுமியில்தான் மீண்டும் முதல் பலகைக்கு வந்தார். இந்தியா அங்கும் 6-ஆம் இடம் பெற்றது. மேசைப் பலகையில் நடக்கும் ஒலிம்பியாட்டில் அணிப் பதக்கம் ஏதும் கிட்டாமலேயே அவரது ஆட்டக்காலம் கடந்தது என்பது, அவரது மேன்மையைக் குறைக்காவிட்டாலும், இந்த ஒப்பீட்டில் ஒதுக்கிவிட முடியாத உண்மை.

இடைப்பட்டோர்: நேகியும் ஹரிகிருஷ்ணாவும்

இந்தியாவுக்கு ஒலிம்பியாட்டின் முதல் அணிப் பதக்கம் கிடைத்தது, ஆனந்தும் ஹரிகிருஷ்ணாவும் இல்லாத 2014 டிரோம்சோ போட்டியில். தம் 13-ஆவது வயதிலேயே கிராண்ட் மாஸ்டராகிப் புகழ்பெற்று, பின்னர் அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கல்விக்குச் சென்ற பரிமார்ஜன் நேகி முதல் பலகையில் அமர, சேதுராமன், சசிகிரண், அதிபன், லலித் பாபு ஆகியோர் கீழே ஆடினர். தரவரிசையில் பின்தங்கியிருந்த அந்த அணி, சீனாவுக்கும் ஹங்கேரிக்கும் அடுத்து வெண்கலம் வென்றது. எதிரணிகளின் மேல்தட்டு ஆட்டக்காரர்களை நேகி எதிர்கொள்ள, கீழே இருந்த தமிழ்நாட்டு மூவரும் மற்றவரும் புள்ளிகளைச் சேர்த்த அந்த அமைப்பு, தாங்கும் பணிக்கு நல்ல எடுத்துக்காட்டு.

1986-இல் குண்டூரில் பிறந்து, 2001-இல் கிராண்ட் மாஸ்டராகி, 2004-இல் உலக இளையோர் பட்டத்தை வென்ற பெண்டலா ஹரிகிருஷ்ணா, 2016 பாகூ ஒலிம்பியாட்டில் முதல் பலகையில் ஆடியபோது இந்தியா 4-ஆம் இடம் பெற்றது. மாமல்லபுரத்திலும் அவர் முதல் பலகையில் இருந்த முதல் அணி அதே 4-ஆம் இடத்தில் நின்றது. 2016-இன் இறுதியில் உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களில் ஒருவராக உயர்ந்த அவர், அவசரப்படாத, நிலையை மெல்ல மெல்ல இறுக்கும் ஆட்டத்தால் அறியப்பட்டவர். தோல்வியை எளிதில் தராத அந்த இயல்பு முதல் பலகையில் அணிக்கு உறுதி தந்தது. ஆனந்துக்கும் குகேஷுக்கும் இடையில் வந்தவர் என்பதால் ஒப்பீடுகளில் ஹரிகிருஷ்ணாவின் பெயர் அடிக்கடி விடுபட்டாலும், பதக்கத்தை நெருங்கும் தரத்தில் அணியை நிலைநிறுத்திய காலம் அவருடையது என்பதை மறுக்க இயலாது.

மாமல்லபுரத்தின் பதினொரு சுற்றுகள்

ஆர்.பி. ரமேஷ் பயிற்றுவித்த இந்திய இரண்டாம் அணி, தொடக்கத் தரவரிசையில் 11-ஆம் இடத்தில் இருந்தது. குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரவுனக் சத்வானி என்ற அந்த வரிசையில் அதிபன் ஒருவரே மூத்தவர். மற்ற நால்வரும் பதின்ம வயதினர். வலிமை மிக்க முதல் அணியில் இடம்பெறாத 16 வயதுச் சிறுவனை, உலகச் சாம்பியனும் முன்னாள் பட்டப் போட்டியாளர்களும் அமரும் பலகையில் வைத்தது துணிவான முடிவு.

குகேஷ் முதல் எட்டுச் சுற்றுகளிலும் தொடர்ந்து வென்றார். ஐந்தாம் சுற்றில் ஸ்பெயினின் அலெக்சி ஷிரோவையும், ஆறாம் சுற்றில் ஆர்மீனியாவின் கேப்ரியல் சர்கிசியனையும், எட்டாம் சுற்றில் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானாவையும் அவர் வீழ்த்தினார். ஒன்பதாம் சுற்றில் அஜர்பைஜானின் மமெத்யாரோவோடு டிரா, பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவிடம் தோல்வி, இறுதிச் சுற்றில் ஜெர்மனியின் வின்சென்ட் கெய்மரோடு டிரா என 11 ஆட்டங்களில் 9 புள்ளிகளும், 2867 செயல்திறன் தரப்புள்ளியும் பெற்று, முதல் பலகையின் தனிநபர் தங்கத்தை வென்றார். அப்துசத்தோரோவ் வெள்ளியும் கார்ல்சன் வெண்கலமும் பெற்ற பட்டியலின் உச்சியில் அவரது பெயர் இருந்தது. இரண்டாம் பலகையில் நிஹால் சரினும் தனிநபர் தங்கம் பெற, அணி வெண்கலம் வென்றது.

எண்களை விட்டு இரு சுற்றுகளை மட்டும் கூர்ந்து நோக்கினால் முதல் பலகையின் தன்மை தெளிவாகும். ஆறாம் சுற்றில் குகேஷ் சர்கிசியனை வென்றபோதும், கீழ்ப் பலகைகளில் தோல்வி நேர்ந்ததால் இந்திய இரண்டாம் அணி ஆர்மீனியாவிடம் 1.5-2.5 என்ற கணக்கில் தோற்றது. பத்தாம் சுற்றில் நிலைமை தலைகீழானது: அப்துசத்தோரோவுக்கு எதிராக மேலான நிலையை அடைந்திருந்த குகேஷ், டிராவை ஏற்காமல் வெற்றிக்கே முயன்று, நேர நெருக்கடியில் ஆட்டத்தை இழந்தார்; பிரக்ஞானந்தா உஸ்பெகிஸ்தானின் சிந்தரோவை வென்றதால் சுற்று 2-2 என்று சமனாயிற்று. மற்ற மூன்று பலகைகளின் முடிவு அப்படியே இருக்க, முதல் பலகையில் ஓர் அரைப் புள்ளி கிடைத்திருந்தாலும் இந்தியா 2.5-1.5 என்று வென்றிருக்கும். இறுதியில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19 புள்ளிகளோடு முதலிரு இடங்களையும், இந்திய இரண்டாம் அணி 18 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தையும் பெற்றதை நோக்கும்போது, அந்த அரைப் புள்ளி பதக்கத்தின் நிறத்தையே மாற்றியிருக்கக்கூடும்.

இதைக் குகேஷின் குறையாக மட்டும் எழுதிவிடுவது நியாயமாகாது. எட்டு வெற்றிகளைத் தந்ததும் பத்தாம் ஆட்டத்தை இழக்கச் செய்ததும் டிராவை விரும்பாத ஒரே மனப்பாங்கே. இந்திய முதல் பலகை தாங்கும் பணியிலிருந்து தாக்கும் பணிக்கு மாறியது மாமல்லபுரத்தில் என்றால், அம்மாற்றம் கேட்ட விலையும் அங்கேயே செலுத்தப்பட்டது.

புடாபெஸ்ட்: பணி முழுமை பெற்ற இடம்

2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் நடந்த 45-ஆவது ஒலிம்பியாட்டில், ஸ்ரீநாத் நாராயணன் தலைமைப் பொறுப்பு வகித்த இந்திய அணி குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, விதித் குஜ்ராத்தி, ஹரிகிருஷ்ணா என்ற வரிசையில் களமிறங்கியது. இரண்டாண்டுகளுக்கு முன் முதல் அணியின் முதல் பலகையாக இருந்த ஹரிகிருஷ்ணா, ஐந்தாம் இடத்தை ஏற்று மாற்று ஆட்டக்காரராக அமர்ந்தார். 22 புள்ளிகளில் 21 பெற்று இந்தியா முதன்முறையாகத் தங்கம் வென்றது. குகேஷ் 10 ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிராவோடு 9 புள்ளிகளும் 3056 செயல்திறன் தரப்புள்ளியும் பெற, மூன்றாம் பலகையில் அர்ஜுன் 11 ஆட்டங்களில் 10 புள்ளிகள் எடுத்தார். இருவருக்கும் தனிநபர் தங்கம் கிடைத்தது.

ஏழாம் சுற்றில் சீனாவுக்கு எதிராக மற்ற மூன்று பலகைகளும் டிராவாக, குகேஷ் வெய் யீயை நீண்ட போராட்டத்துக்குப் பின் வென்றதால் மட்டுமே இந்தியா 2.5-1.5 என்று வெற்றி பெற்றது. புதிய புள்ளி முறையில் முதல் பலகையின் ஒரு வெற்றி என்ன செய்ய வல்லது என்பதற்கு இச்சுற்றே சரியான விளக்கம். ஒன்பதாம் சுற்றில் மீண்டும் உஸ்பெகிஸ்தானைச் சந்தித்தபோது, குகேஷ் அப்துசத்தோரோவோடு டிரா செய்ய, நான்கு பலகைகளும் டிராவாகிச் சுற்று சமனாயிற்று. மாமல்லபுரத்தில் அணிக்குத் தேவைப்பட்ட அரைப் புள்ளி இம்முறை கைவிட்டுப் போகவில்லை. பத்தாம் சுற்றில் கருவானாவை மீண்டும் வென்ற குகேஷ், இறுதிச் சுற்றில் ஸ்லோவேனியாவின் ஃபெதொசேவையும் வென்றார். அதே ஆண்டு டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5-6.5 என்று வென்று, 18 வயதில் உலகச் சாம்பியனானார்.

மகளிர் அணி காட்டும் மறுபக்கம்

மாமல்லபுரத்தில் கொனேரு ஹம்பி முதல் பலகையில் ஆட, முதல் தரவரிசையோடு இறங்கிய மகளிர் அணி இறுதிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்றபோதிலும் வெண்கலம் வென்றது. ஒலிம்பியாட் மகளிர் பிரிவில் இந்தியாவின் முதல் பதக்கம் அதுவே. புடாபெஸ்டில் ஹம்பி ஆடாததால் ஹரிகா முதல் பலகைக்கு வந்தார். போட்டியின் பெரும்பகுதியில் அவரது தனிப் பலன் சிறப்பாக அமையாவிட்டாலும், எதிரணிகளின் முதன்மை ஆட்டக்காரர்களை அவர் எதிர்கொண்டிருக்க, மூன்றாம் பலகையில் திவ்யா தேஷ்முக்கும் நான்காம் பலகையில் வந்திகா அகர்வாலும் தனிநபர் தங்கம் பெறும் அளவுக்குப் புள்ளிகளைச் சேர்த்தனர். இறுதிச் சுற்றில் அஜர்பைஜானுக்கு எதிராக ஹரிகாவும் வெல்ல, இந்தியா மகளிர் பிரிவிலும் தங்கம் பெற்றது. ஒரே போட்டியில் பொதுப் பிரிவின் தங்கத்துக்கு முதல் பலகையின் தாக்குதலும், மகளிர் பிரிவின் தங்கத்துக்குக் கீழ்ப் பலகைகளின் வளமும் வழிவகுத்தன என்பதால், தனிப் பலனை மட்டும் பார்த்து முதல் பலகைக்காரரை மதிப்பிடக் கூடாது என்பது உறுதியாகிறது.

ஒரே எதிரி, இரு காலங்கள்

காலம் கடந்த ஒப்பீட்டில் அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பு, இருவரும் ஒரே எதிரியை ஒரே வகைப் போட்டியில் சந்தித்திருப்பது. 2018 படுமியில் அமெரிக்காவுக்கு எதிரான சுற்றில் ஆனந்த் கருவானாவிடம் தோற்க, இந்தியா அச்சுற்றை இழந்தது. 2022-இலும் 2024-இலும் அதே கருவானாவைக் குகேஷ் வென்றபோது இந்தியா இரு சுற்றுகளையும் வென்றது. ஆனால் 2018-இல் கருவானா உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனை எதிர்கொள்ளவிருந்த, தம் வாழ்வின் உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர். ஆனந்துக்கோ அப்போது 48 வயது. இந்த மூன்று ஆட்டங்களைக் கொண்டு குகேஷ் ஆனந்தைவிட வலியவர் என்று சொல்வது எவ்வளவு அவசரமோ, முதல் பலகையின் ஒரு முடிவு ஒரு சுற்றின் போக்கையே மாற்றுகிறது என்பதை மறுப்பதும் அவ்வளவு பிழை.

இவர்களைப் போட்டியாளர்களாக நிறுத்துவோர் கவனிக்க வேண்டிய உறவு ஒன்றும் உண்டு. ஆரோன் உருவாக்கிய கழகத்தில் ஆனந்த் வளர்ந்தார். 2020-இன் இறுதியில் ஆனந்தின் பெயரில் தொடங்கிய வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் சதுரங்க அகாடமியின் தொடக்க மாணவர்களில் குகேஷும், பிரக்ஞானந்தாவும், நிஹால் சரினும், ரவுனக் சத்வானியும் இருந்தனர். அதாவது மாமல்லபுரத்தில் வெண்கலம் வென்ற ஐவரில் நால்வர் ஆனந்தின் வழிகாட்டலில் வந்தவர்கள். 1986 முதல் 37 ஆண்டுகள் இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த ஆனந்தை, 2023 செப்டம்பர் தரப்பட்டியலில் பின்தள்ளியவரும் அவர்களுள் ஒருவரான குகேஷே. மாமல்லபுரப் போட்டி நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் சென்னையின் வி. பிரணவ் இந்தியாவின் 75-ஆவது கிராண்ட் மாஸ்டரானார். 1988-இல் ஒருவரோடு தொடங்கிய எண்ணிக்கை அந்த அளவை எட்டியிராவிட்டால், குகேஷுக்குக் கீழே மூன்று வலிய பலகைகள் அமைந்திருக்க வாய்ப்பில்லை.

தீர்ப்பு

ஆட்டத் திறன், உலகப் பட்டங்கள், நீண்டகால நிலைபேறு ஆகியவற்றை அளவாகக் கொண்டால் இந்திய முதல் பலகையில் அமர்ந்தவர்களில் ஆனந்துக்கு இணை இன்றுவரை இல்லை. 2024-இல் பட்டம் வென்ற குகேஷ் அந்த உயரத்தில் எத்தனை ஆண்டு நிற்பார் என்பதை இனிவரும் காலமே சொல்ல வேண்டும். ஒலிம்பியாட் அணியின் முதல் பலகை என்ற பணியை மட்டும் அளவாகக் கொண்டால், இரு போட்டிகளில் 21 ஆட்டங்களில் 18 புள்ளிகளும், இரு தனிநபர் தங்கங்களும், அணிக்கு ஒரு வெண்கலமும் ஒரு தங்கமும் பெற்றுத் தந்த குகேஷே முதலிடத்துக்கு உரியவர். குறைந்த வளத்தோடு மிகுதியாகச் செய்தவர் என்ற வகையில் நேகியின் டிரோம்சோ அணி தனி மதிப்புக்குரியது. ஹரிகிருஷ்ணாவின் பங்களிப்புக்கு, முதல் பலகையை விட்டுக்கொடுத்து ஐந்தாம் இடத்தில் அமர்ந்து பெற்ற தங்கமே சான்று. ஆரோன் இல்லாமல் இந்த வரிசையே தொடங்கியிராது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் பள்ளிகளுக்கும் விளையாட்டுச் சங்கங்களுக்கும் இவ்வொப்பீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. சிறுவர் சதுரங்கம் பெரும்பாலும் தனிநபர் போட்டிகளாகவும், தரப்புள்ளியை உயர்த்தும் ஓட்டமாகவுமே நடந்துவருகிறது. எப்போது டிரா செய்ய வேண்டும், எப்போது அணிக்காகத் துணிய வேண்டும் என்பதை அத்தகைய போட்டி கற்றுத்தராது. நான்கு பலகைகளும் ஒரு மாற்று ஆட்டக்காரரும் கொண்ட பள்ளி அணிகளுக்கான போட்டியை மாவட்ட அளவில் ஆண்டுதோறும் நடத்துவதற்குப் பெரிய அரங்கோ கோடிக்கணக்கான செலவோ தேவையில்லை. ஒலிம்பியாட்டை நான்கு மாதத்தில் நடத்திக் காட்டிய மாவட்டம், அடுத்த முதல் பலகைக்காரரை மட்டுமன்றி அவருக்குக் கீழே அமரப்போகும் நால்வரையும் சேர்த்து உருவாக்கும் இந்த முயற்சியைத் தொடங்க வேண்டும்.